சும்மா வருகிறவர்களின் பாலம்

ஆற்றின் மேல் கட்டிய புது நடைபாலம் வேலையாக வருகிறவர்களை அக்கரைக்கு விடுவதில்லை. நடப்பவர் நடந்துகொண்டே இருப்பார், வளைவில் திரும்புவார், இறங்கிப் பார்த்தால் கிளம்பிய கரையிலேயே நிற்பார். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மட்டும் ஒழுங்காக மறுகரை சேர்ந்தார்கள். ஒரே சுற்றாக உரித்த ஆப்பிள் தோல் மாதிரி, தூணே இல்லாமல், வெள்ளை வெளேரென்று தொங்கிய அந்தப் பாலத்தில் முதலில் மாட்டியவர் திறந்துவைக்க வந்த நகராட்சித் தலைவர். ரிப்பன் வெட்டி, கையசைத்துக்கொண்டே போனவர், கைதட்டி அனுப்பிய கூட்டத்துக்கு எதிரிலேயே வந்து இறங்கினார். சமாளித்துக்கொண்டு, பேசிய பேச்சையே மறுபடி பேசினார். அளந்து பார்க்க வந்த பொறியாளர்களும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பினார்கள். ஊர் இதற்கெல்லாம் அசருமா? அவசரக்காரர்கள் பழைய சாலைப் பாலம் வழியாகச் சுற்றிப் போனார்கள். சுற்றச் சோம்பல்பட்டவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சீட்டியடித்து, சும்மா நடப்பதாகப் பாவனை காட்டினார்கள். பாலம் ஏமாறவில்லை.

இதில் நொந்துபோனவர் குழாய் ரிப்பேர்க்காரர். மனைவி இறந்த பிறகு அவருக்கு மிச்சமிருந்தது ஒரே மகள். அவள் குடியிருந்தது மறுகரையில், பாலம் இறங்கும் முனையில், ஒரு மாடி வீட்டில். கையில் ஸ்பேனர் இல்லாமல் யார் வீட்டுப் படியும் ஏறியறியாத மனிதர் அவர். மகள் காய்ச்சலில் படுத்திருந்தபோது சாலைப் பாலம் வழியாகப் பதறியடித்துக்கொண்டு போனார். சமையலறையில் சொட்டிக்கொண்டிருந்த குழாயைச் சரிசெய்தார். கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. குணமானதும் அவள் போன் செய்து, "இனிமே குழாய் பார்க்க வேற ஆளைக் கூப்பிட்டுக்கறேன், நீங்க வர வேணாம்பா" என்றாள். அதோடு பேச்சுவார்த்தை நின்றுபோனது.

சாலைப் பாலம் வழியாக ஒருமுறை சுற்றிப் போனார், கதவு திறக்கவில்லை. நடைபாலத்தில் போனால் அவள் ஜன்னலிலிருந்து பார்ப்பாள், மனசு இளகும் என்று கணக்குப் போட்டு, புது வாஷர்களை எடுத்துக்கொண்டு ஏறினார், திரும்பி வந்தார். பழப்பையோடு ஏறினார், பழத்தோடு திரும்பினார். வெறுங்கையோடு, மன்னிப்புக் கேட்கும் வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டு ஏறியபோதும் தன் தெருவிலேயே இறங்கினார். மன்னிப்பும் ஒரு வேலைதான் என்று பாலம் நினைத்திருக்க வேண்டும்.

மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், வெளியூர்க்காரர்கள் குடையும் கையுமாகப் பாலத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்தபோது, அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. இவ்வளவு மழை கொட்டுகிறதே, ஒரு பொட்டுத் தண்ணீர் தேங்கவில்லையே, வடிகுழாய் எங்கே? ஏறிப் பார்த்தார். கைப்பிடிக்குள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அதில் காதை வைத்து, "அடேயப்பா, என்னமா மறைச்சு வச்சிருக்கான்!" என்று தனக்குள் சிரித்தபடியே நடந்தார். ரிப்பேர் இல்லாத ஒரு குழாயைப் பார்த்து அவர் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. தண்ணீர் வெளியே விழும் இடத்தில் நிமிர்ந்தால், எதிரே மகளின் ஜன்னல்.

"மழையில நின்னுக்கிட்டு என்னப்பா பண்றீங்க?"

"இங்க வாயேன், ஒண்ணு காட்டறேன்."

அப்பா தன்னை எதையும் பார்க்கக் கூப்பிட்டதே இல்லை என்பதால், அவள் குடைகூட எடுக்காமல் இறங்கி ஓடிவந்தாள். இருவரும் தொப்பலாக நனைந்துகொண்டே கைப்பிடியில் காதை வைத்துக் கேட்டார்கள். திடீரென்று அவர் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "காய்ச்சல் விட்டுருச்சா?" என்றார். "அது போய் எத்தனையோ மாசமாச்சுப்பா" என்று சிரித்தவள், சிரிப்பு முடிவதற்குள் அழுதுவிட்டாள்.

மகள் வீட்டில் சாப்பிட்டு முடித்ததும் தன் வீட்டுக்குப் போகப் பாலம் ஏறினார். வீட்டுக்குப் போவதும் வேலைதானே? வளைவில் திரும்பி, மகள் வாசலிலேயே இறங்கினார். அவள் படுக்கை விரித்துக் கொடுத்தாள். மறுநாளும் அப்படியே. இது நடந்து வருடங்களாகின்றன. குழாய் ஒழுகுகிறவர்கள் இப்போது அங்கேயே வந்து அவரைக் கூட்டிப்போகிறார்கள். தினமும் பொழுது சாய்ந்ததும் அவர் பொறுப்பாகக் கிளம்புகிறார். மகளும் "பார்த்துப் போங்கப்பா" என்று வழியனுப்பிவிட்டு, உள்ளே போய் அவருக்கும் சேர்த்துத் தட்டு வைக்கிறாள். அவர் தெருவுக்குப் போகும் பேருந்து அவள் வாசலிலேயே நிற்கிறது. அதைப் பற்றி இருவரும் இதுவரை பேசியதில்லை.