மாடிக்கு அனுப்பிய பணம்

பேருந்தைவிட்டு இறங்கியபோது இடுப்பு நிமிர மறுத்தது. பதினோரு வருடம் வெளிநாட்டில் கான்கிரீட் கொட்டிய இடுப்பு. உட்கார்ந்தால் எழாது, எழுந்தால் உட்காராது. சட்டைப்பையில் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் தாள் இருந்தது. அதில் கையெழுத்துப் போடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். மேல்மாடிக்குப் பணம் அனுப்பியாயிற்று; அதை வாடகைக்கு விட்டுக் காலத்தை ஓட்டிவிடலாம்.

வீட்டு முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தேன். மாடி இல்லை. மொட்டைத் தளத்தில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

வெளியே வந்த மனைவி பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

“மாடி எங்கடி?”

“முதல்ல தண்ணி குடிங்க.”

“மாசாமாசம் கல் அடுக்கின படம் அனுப்பினியே!”

“அனுப்பினேன். மாடிக்குன்னு சொன்னேனா?”

சொல்லவில்லைதான். கல்லைப் பார்த்து நானே மனசுக்குள் மாடி கட்டிக்கொண்டேன்.

வீட்டுப் பின்பக்கம் கூட்டிப்போனாள். தகரக் கூரைக்கடியில் ஓர் இயந்திரம் தடதடவென்று அதிர்ந்து சிமெண்டுக் கல்லாகத் தள்ளியது. ஐந்து பெண்கள் வேலையில் இருந்தார்கள். குழாயால் கல்லை நனைத்துக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்தாள்.

“மாடியத் தேடுறீங்களாண்ணே? ஊர் பூரா இருக்கு, போய்ப் பாருங்க!”

மற்றவர்கள் சிரித்தார்கள்.

“வாயை மூடிட்டு வேலையப் பாரு,” என்ற மனைவிக்கும் சிரிப்பு அடங்கவில்லை. என்னிடம் திரும்பினாள். “வெளிநாட்டுக் காசுல எல்லாரும் வீடு கட்டுறாங்க. கல்லு டவுன்லேர்ந்து லாரியில வருது. நீங்க உயிரக் குடுத்து அனுப்புற காசு, வந்த வேகத்துல அந்த லாரியிலேயே ஏறிப் போயிடுது. அந்த லாரிய நிறுத்தணும்னு தோணுச்சு.”

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

“கேட்டா வேணாம்னிருப்பீங்க.”

ஒரு கல்லை நெஞ்சு உயரம் தூக்கினேன். இடுப்பில் மின்னல் வெட்டியது. கீழே போட்டேன். முனைகூட உதிரவில்லை.

“கல்லு இறுக எத்தனை நாள் தண்ணி விடுறீங்க?”

“பத்து.”

நாங்கள் அங்கே ஏழு நாளோடு நிறுத்திவிடுவோம்.

“யாருடி கத்துக்குடுத்தா?”

“நீங்கதான். பதினோரு வருஷமா போன்ல சிமெண்டு, மணல், தண்ணி தவிர வேற என்ன பேசியிருக்கீங்க?”

ஐந்து பெண்களும் மறுபடி சிரித்தார்கள். இந்த முறை நானும்.

கூலி போக, மாடி வாடகையைப்போல மூன்று மடங்கு நிற்கிறதாம். பள்ளிக்கூடத்துப் புதுச் சுவருக்கும் இங்கிருந்துதான் கல் போயிருக்கிறது. வெளிநாட்டில் நான் எழுப்பிய கட்டிடம் ஒன்றிலும் என்னை உள்ளே விட்டதில்லை. இந்தச் சுவரைத் தொட்டுப் பார்க்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

தாளை எடுத்து அவளிடம் நீட்டினேன். “இது வேணாம். நாளையிலேர்ந்து எனக்கும் இங்க வேலை குடு.”

“குடுக்கலாம். கூலி மட்டும் இப்பக் கேக்காதீங்க.”

“ஏன்?”

“நீங்க அனுப்பினது மெஷினுக்குப் பத்தல. எங்க அக்கா கையில கிடந்ததக் கழட்டிக் குடுத்தா.”

அவளுடைய அக்காவின் நாலு வளையலும் அடகுக்கடையில் இருக்கின்றன. நாங்கள் இன்னும் மீட்டுக் கொடுக்கவில்லை.