பெல்ட்டில் இருந்த சேற்றுக்கோடு

விளாத்திகுளத்தில் கணவர் ரஹீமைப் பஸ்ஸில் ஏற்றுவது இப்போதெல்லாம் ஆசிபாவுக்கு ஒரு தனி வேலை. முதலில் அவருடைய ஊன்றுகோலை வாங்கிக்கொண்டு ஏறி, சீட்டில் போட்டு இடம் பிடிக்க வேண்டும். பிறகு இறங்கி வந்து தோள் கொடுக்க வேண்டும். அதற்குள் கண்டக்டர் இரண்டு தடவை விசில் அடித்துவிடுவார். அன்றைக்கும் அப்படித்தான் ஏறினார்கள். உட்கார்ந்ததும் ரஹீம் முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"இன்னைக்கு எப்படியும் ஒரு வண்டிய முடிச்சிரணும் ஆசிபா. என்னால இந்தப் படி ஏற முடியல."

"முடிச்சிருவோம். அட்வான்ஸ் குடுக்காம திரும்புறதில்ல," என்றாள் ஆசிபா.

இருவரும் மிளகாய் வத்தல் வியாபாரிகள். ரஹீம் பைக்கில் ஊர் ஊராகப் போய்க் களத்திலேயே வத்தலைப் பார்த்து விலை பேசிவிடுவார். ஆசிபா கடையில் இருந்து தரம் பிரித்து மூட்டை கட்டி அனுப்புவாள். போன ஐப்பசியில் ரஹீம் பைக்கிலிருந்து விழுந்து, காலுக்குள் கம்பி வைக்க வேண்டியதாகிவிட்டது. அதன்பின் ஊர்களுக்கு ஆசிபாதான் பஸ்ஸிலும் ஆட்டோவிலும் அலைந்தாள். அவள் போய்ச் சேருவதற்குள் வண்டி வைத்திருக்கும் வியாபாரிகள் நல்ல சரக்கை அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, நாற்பத்திரண்டு வயதில் லைசென்ஸ் வாங்கினாள். கைச்சேமிப்போடு இரண்டு வளையல்களையும் விற்று, ஒரு பழைய கார் வாங்கும் அளவுக்குப் பணம் சேர்த்திருந்தாள்.

கோவில்பட்டியில், எட்டயபுரம் ரோட்டில் இருந்தது வன்னியபெருமாளின் பழைய கார் கடை. தகரக் கொட்டகைக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு கார்கள் கழுவித் துடைத்து வரிசையாக நின்றன.

"வாங்க பாய், உக்காருங்க. எந்த மாதிரி வண்டி பாக்கீங்க?" என்று வன்னியபெருமாள் ரஹீமுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்.

"வண்டி எனக்குத்தான் அண்ணாச்சி. ஓட்டப் போறது நான்," என்றாள் ஆசிபா.

"அப்படியா, ரொம்ப சந்தோஷம்மா," என்றவர், மறுபடியும் ரஹீமைப் பார்த்தே மைலேஜ் பற்றிப் பேசத் தொடங்கினார். ஆசிபா அதைக் காதில் வாங்கிக்கொண்டே வரிசையைச் சுற்றி வந்தாள். வாசலை ஒட்டி நின்ற வெள்ளைக் காரைக் காட்டி விலை கேட்டாள்.

"ஒரே ஓனர். டாக்டர் வீட்டு வண்டி. நாலே கால் லட்சம்."

"மூணே முக்கால்னா பேசுவோம்."

பக்கத்திலிருந்த ரஹீமுக்கே அது அநியாயக் கேள்வியாகப்பட்டது. ஆனால் வன்னியபெருமாள் மோவாயை ஒரு தடவை சொறிந்துவிட்டு, "சரி, மூணு எண்பது. ஒங்களுக்காகத்தான்," என்றார்.

ரஹீமின் முகம் மலர்ந்தது. ஆசிபாவுக்கோ சுருக்கென்றது. அவளுடைய தொழிலில் கேட்டவுடன் விலையை இறக்குகிற மூட்டையைத்தான் அடிவரைக்கும் கைவிட்டுப் பார்க்க வேண்டும். கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள். மல்லிகை வாசனை தூக்கலாக அடித்தது. குனிந்து கால்மிதியைத் தூக்கி முகர்ந்தாள். ஈரமாகக் கட்டிவைத்த வத்தலில் வருமே, அதே பூசண வாடை. சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தாள். வழக்கமாக இழுக்கும் நீளத்தோடு விடாமல், முடிவு வரைக்கும் இழுத்தாள். மேலே கறுப்பாகப் பளிச்சென்று இருந்த பெல்ட்டின் கடைசி ஒரு முழம் வெளுத்திருந்தது. அதன் குறுக்கே காய்ந்த சேறு ஒரு கோடாகப் படிந்திருந்தது.

"அண்ணாச்சி, இது தண்ணிக்குள்ள நின்ன வண்டி."

வன்னியபெருமாள் முதலில் சிரித்தார். அவள் பெல்ட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"தூத்துக்குடி வெள்ளத்துல நின்னதும்மா. ஒரு நாள்தான். வயரெல்லாம் மாத்தியாச்சு."

"நடுரோட்டுல நின்னு போச்சுன்னா? பிரேக் புடிக்கலன்னா?"

"சரி, விடுங்க. அது வேண்டாம். அந்தா நிக்குது பாருங்க, சாம்பல் கலர். அது சுத்தமான வண்டி. நாலு சொல்லிட்டிருந்தேன், மூணு அறுபதுக்கு எடுத்துக்கோங்க. இந்த வெள்ளை வண்டி விஷயம் மட்டும் நமக்குள்ளயே இருக்கட்டும்."

சாம்பல் காரின் பெல்ட்டையும் ஆசிபா இழுத்துப் பார்த்தாள், கால்மிதியைத் தூக்கிப் பார்த்தாள், தெருமுனை வரை ஓட்டியும் பார்த்தாள். குறை ஒன்றும் தெரியவில்லை. ரஹீம் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து காலை நீட்டிப் பார்த்துக்கொண்டார். எத்தனையோ மாதம் கழித்து அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை ஆசிபா பார்த்தாள். அட்வான்ஸ் கொடுப்பதற்காக இருவரும் மேஜை முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். ஆசிபா பையைத் திறந்தாள்.

அப்போதுதான் ஒரு ஆணும் பெண்ணும் கடைக்குள் வந்தார்கள். அவன் தன் பெயர் பாண்டியராஜன் என்றான். பத்து வருஷமாக ஆட்டோ ஓட்டுகிறவன், இப்போது வாடகைக் கார் ஓட்ட நினைக்கிறான். கூட வந்தவள் அவன் மனைவி செல்வமாரி, தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் வேலை பார்க்கிறவள். சங்கத்தில் கடன் எடுத்திருப்பதாக அவளே வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டாள். வன்னியபெருமாள் எழுந்து போய் அவர்களை நேரே வெள்ளைக் காரிடம் கூட்டிப்போனார்.

"ஒரே ஓனர். டாக்டர் வீட்டு வண்டி."

ஆசிபாவின் கை பைக்குள்ளேயே நின்றது.

"குடு, நமக்கெதுக்கு அடுத்தவன் கதை," என்று ரஹீம் கிசுகிசுத்தார். "பேசினேன்னா இந்த வண்டியும் போயிரும்."

போகும் என்று அவளுக்கும் தெரியும். ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் அன்று கேட்ட பேச்சு நினைவுக்கு வந்துவிட்டது. ரஹீம் விழுந்த பைக்கும் பழையதாக வாங்கியதுதான். அவர் காலுக்கு ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தபோது பார்க்க வந்த ஒருவர், 'அந்த வண்டியோட முன்சக்கரத்தப் புடிக்கிற ஃபோர்க் வளைஞ்சதுன்னு எனக்கு அப்பவே தெரியும். விக்கிறவன் தெரிஞ்ச ஆளு, எப்படிச் சொல்லுததுன்னு விட்டுட்டேன்' என்று சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டு, வாங்கி வந்த ஆப்பிளைக் கொடுத்துவிட்டுப் போனார். பைக்கை விற்றவன் மேல் வந்ததைவிட அந்த மனிதர் மேல்தான் அவளுக்கு ஆத்திரம் அதிகமாக வந்தது.

ஆசிபா பையை மூடினாள். எழுந்து வெள்ளைக் காருக்குப் பக்கத்தில் போனாள்.

"தம்பி, அந்த சீட் பெல்ட்ட முழுசா இழுத்துப் பாருங்க."

பாண்டியராஜன் ஒன்றும் புரியாமல் இழுத்தான். சேற்றுக்கோடு வெளியே வந்தது. வருஷக்கணக்காக வண்டியோடு பழகியவன், அதற்குமேல் அவனுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. பின்பக்கம் போய் ஸ்டெப்னி டயரைத் தூக்கிப் பார்த்தான். அடியில் வண்டல் காய்ந்து கிடந்தது.

"ஏம்மா, ஒங்களுக்குத்தான் வேற வண்டி தாரேன்னு சொல்லிட்டேன்ல," என்றார் வன்னியபெருமாள். "அடுத்தவன் யாவாரத்துல எதுக்கு வாய் வைக்கீங்க?"

"நான் வாங்க மாட்டேன்னு ஒதுக்குன வண்டிய இவங்க தலையில கட்டுதீங்க. நான் எப்படிப் பாத்துட்டு நிக்க? இவரு அதுல நாலு பேர ஏத்திட்டுப் போவாரு."

"அப்ப சாம்பல் வண்டி ஒங்களுக்குக் கிடையாது. பாய், வீட்டம்மாவக் கூட்டிட்டுக் கெளம்புங்க."

ரஹீம் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவளைப் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் செல்வமாரி ஆசிபாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒங்க வண்டி போச்சேக்கா," என்றாள். பாண்டியராஜன் தன் ஆட்டோவிலேயே இருவரையும் பஸ் நிலையத்தில் கொண்டுபோய் விட்டான். காசு வாங்கவில்லை.

பஸ் எட்டயபுரம் தாண்டியதும் ரஹீம் முழங்காலைத் தடவிக்கொண்டார். பிறகு, "வலி எனக்குல்ல இருக்கு? ஒனக்கென்ன," என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனாலும் செய்ததற்காக அவள் வருத்தப்படவில்லை. நாளைக்கு எந்த ஊரில் எந்தக் கடையில் கேட்பது என்று யோசிக்க ஆரம்பித்திருந்தாள்.

அடுத்து வந்த மூன்று வாரமும் அந்த அலைச்சலிலேயே போனது. கடைசியில் ஓட்டப்பிடாரத்தில் ராமசுப்பு என்ற ரிட்டயர்டு வாத்தியாரின் சிவப்புக் கார் அமைந்தது. சாம்பல் காரைவிட இரண்டு வருஷம் பழசு. விலையும் இருபதாயிரம் கூடுதல், ஏசி வேறு ஓடவில்லை. "ஏசி ஓடாது, இடது கதவு ஒரு தடவை இடிபட்டு நிமிர்த்தினது," என்று வாத்தியார் கேட்காமலேயே சொன்னார். மெக்கானிக் சங்கிலிப்பாண்டியை அழைத்துப் போய்க் காட்டிவிட்டு, ஆசிபா அதை வாங்கினாள்.

இதற்குள் பாண்டியராஜன் சும்மா இருக்கவில்லை. ஆட்டோ ஸ்டாண்டிலும் கார் ஸ்டாண்டிலும் அந்தக் கடையில் கண்டதை அப்படியே சொல்லியிருந்தான். வன்னியபெருமாள் கடைக்கு வருகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்பே பெல்ட்டை இழுக்க ஆரம்பித்தார்கள். வேறு வழியில்லாமல் அவர் வெள்ளைக் காரின் கண்ணாடியில் 'வெள்ளத்தில் நின்ற வண்டி' என்று எழுதி ஒட்டி, பாதி விலைக்கு ஒரு பட்டறைக்காரரிடம் கொடுத்தார். வாங்கினவர் தெரிந்தே வாங்கினார்.

சித்திரை மாதம் ஒருநாள் பெட்ரோல் பங்கில் ஆசிபாவின் காருக்குப் பின்னால் வன்னியபெருமாளின் கார் வந்து நின்றது. அவர் இறங்கி வந்து, முன்சீட்டில் இருந்த ரஹீமிடம் குனிந்தார்.

"பாய், ஒங்க வீட்டம்மா அன்னைக்குப் பேசுனதுல எனக்கு எவ்வளவு நட்டம் தெரியுமா? ஊர்ல நான் ஒருத்தன்தான் இப்படி விக்கேனா?"

ஆசிபா பதில் சொல்ல வாயெடுத்தாள். ரஹீம் கையமர்த்தினார்.

"அண்ணாச்சி, ஏமாத்துதவன் ஊருக்கு ஒருத்தனோ ரெண்டு பேரோதான். தெரிஞ்சும் வாய மூடிட்டுப் போறவங்கதான் நெறைய. அன்னைக்கு நானும் அந்தக் கூட்டத்துலதான் இருந்தேன். நாம தப்பிச்சாப் போதும்னு நெனைக்கிற எங்கள நம்பித்தான் நீங்க கடை தொறக்கீங்க. தனக்குத் தெரிஞ்சத அடுத்தவனுக்கும் சொல்லிட்டுப் போனா, ஊர்ல ஒருத்தனாலயும் ஏமாத்த முடியாது. இவ செஞ்சது அவ்வளவுதான்."