சேமியாவின் சைவத் தோல்

எங்கள் அடுக்ககம் சுத்த சைவம். அதை நாய்களின் முதுகைத் தடவித்தான் உறுதி செய்கிறார்கள். ஞாயிறு காலை சங்கச் செயலாளர் ஏகாம்பரம் வெள்ளைக் கைக்குட்டையோடு வருவார். நாயின் முதுகிலிருந்து காய்ந்த தோல் செதில் உதிர்ந்தால் அது மீன் இல்லாத வீடு. துணியில் பிசுக்கு ஒட்டினால் மீன் நுழைந்த வீடு. ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டும்.

மனிதர்களைச் சோதிப்பதில்லை. நாங்கள் வெளியே போய் வஞ்சிரம் சாப்பிட்டுவிட்டு, கேட் ஓரம் நின்று இரண்டு ஏலக்காய் மென்ற பிறகு உள்ளே வருவோம். ஆசாரத்தை நாய்கள் பார்த்துக்கொள்கின்றன.

செதில் உதிர்ப்பதில் என் நாய் சேமியாவுக்கு மூன்று வருடமாக முதல் பரிசு. அவள் உதறினால் கூடத்தில் மாவு சலித்த மாதிரி இருக்கும். அறிவிப்புப் பலகையில் அவள் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். ஆனால் அவள் நிம்மதியாகச் சாப்பிட்டு வெகு நாளாயிற்று. இரண்டு வாய் தயிர்சோறு தின்பாள், சொறிவாள், ரத்தம் வரும், என்னைப் பார்ப்பாள். என்னால் தாங்க முடியவில்லை.

கால்நடை மருத்துவர் ஜெயசீலி அவள் முடியை விலக்கிப் பார்த்தார்.

"சாப்பாட்டுல நல்ல கொழுப்பே இல்ல சார். அதான் தோல் காயுது. நான் எழுதித் தர்ற அளவுல மீன் எண்ணெய் கலந்து குடுங்க. ரெண்டு மாசம் ஆகும்."

"வீடு போயிடும் டாக்டர்."

"அப்ப சொறியட்டும்" என்றார்.

தயிர்சோற்றில் மீன் எண்ணெய் கலந்தேன். ஒன்பதாவது ஞாயிறு சேமியா பளபளவென்று நின்றாள். கைக்குட்டை அவள் முதுகில் வழுக்கி, வாலைத் தாண்டிப் போய் விழுந்தது. ஏகாம்பரம் பல்லிடுக்கிலிருந்த நெத்திலி முள்ளை எடுத்துப் போட்டுவிட்டு விதிப்புத்தகத்தைப் புரட்டினார்.

"நாய்தான் சொறியணும்னு இதுல போடல. வீட்டுக்கு ஒருத்தர் சொறிஞ்சா போதும். யாருன்னு நீங்களே பேசி முடிவு பண்ணிக்கோங்க."

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் கையெழுத்துப் போட்டேன்.

வெளிச்சாப்பாட்டையும் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலையும் விட்டுவிட்டேன். இரண்டே மாதத்தில் முதுகு நன்றாகச் செதில் விட்டது. போன ஞாயிறு எனக்குத்தான் முதல் பரிசு. என் படத்துக்கு அதே மாலை.

மதியம் சேமியா தனியாக வெளியே போய் வஞ்சிரம் சாப்பிடுகிறாள். கேட் ஓரம் நின்று இரண்டு ஏலக்காய் மென்ற பிறகுதான் உள்ளே வருகிறாள். நான் இரண்டு வாய் தயிர்சோறு தின்று, சொறிந்து, அவளைப் பார்க்கிறேன். அவளால் தாங்க முடிகிறது.