லட்சம் பேருக்கு ஒரு புள்ளி

1

இந்தக் கதை ஒரு விளக்கப்படத்தில் தொடங்கியது. ஒரு கண்டத்தின் எந்த நாட்டில் எத்தனை உழைப்பாளர்கள் என்று காட்டும் படம். ஒரு நாட்டின் பட்டை பக்கத்தைத் தாண்டி ஓடப் பார்த்தது. இன்னொன்று மயிரிழை. அதற்குள்ளும் கொத்தனார்களும் தாதிகளும் இருப்பார்கள் என்று தோன்றியதும், அதன்மேல் விரல் வைக்கக் கூசியது.

2

முதல் தொடக்கம்: உழைப்பு என்பது மனித குலத்தின்

வேண்டாம்.

இரண்டாவது: ஒரு கண்காட்சிக் கூடம். சுவர் முழுக்க அந்தக் கண்டம். ஏணிமேல் நின்று ஓவியக்காரி சிவப்புப் புள்ளிகளை ஒட்டுகிறாள். லட்சம் உழைப்பாளர்களுக்கு ஒரு புள்ளி. கீழே, சாப்பாடு கொண்டுவந்த கணவன். வெல்டர். வேலை பார்த்த பட்டறை மூடியபின் தெருத்தெருவாக வேலை கேட்டான். போன மழைக்காலத்தோடு கேட்பதை விட்டுவிட்டான்.

[முதலில் அவனைக் குடிகாரனாக்கினேன். துயரத்துக்கு அது குறுக்குவழி. அடித்துவிட்டேன். அவன் துணி துவைக்கிறான். யாராவது கதவைத் தட்டினால் உள்ளறைக்குப் போய்விடுகிறான். அவ்வளவுதான்.]

3

ஓரத்துத் தீவு நாட்டுக்கு ஒரு புள்ளிகூடத் தேறவில்லை. பாதியாக வெட்டி ஒட்டினாள். நாலு பேர் லீவு போட்டால் அந்த நாடே படுத்துவிடும் என்று கிண்டல் செய்தான். அவளும் சிரித்தாள்.

பிறகு, எதிர்ச்சுவரில் முதுகு முட்டும்வரை பின்னால் நகர்ந்தான். அங்கிருந்து புள்ளிகள் தெரியவில்லை. பழுக்கக் காய்ச்சிய தகடுபோல் சிவப்பு மட்டும் தெரிந்தது. இத்தனை பேரும் நாளைக் காலை எழுந்து, முகம் கழுவிக் கிளம்புவார்கள். சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைக்கவும் அவனுக்குத் தோன்றவில்லை.

தங்கள் நாட்டருகே வந்து நின்றான்.

"இதுல நான் எங்க?"

"வேலை பாக்கறவங்களும் வேலை தேடறவங்களும்தாங்க இதுல."

"தேடி ஓஞ்சவன்?"

[இங்கே அவள் ஏதோ ஒரு புள்ளியைத் தொட்டு, இதோ என்றதாக எழுதியிருந்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவள் அவனிடம் பொய் சொல்கிறவள் இல்லை.]

"நீங்க வெளியதான் இருக்கீங்க," என்றாள். திரும்பவில்லை. "ஒரு இடத்துல போய்க் கேட்டாப் போதும். கிடைக்கணும்னுகூட இல்ல. கேட்டாலே உள்ள."

4

கூடத்துக்கு எதிரே ஒரு பட்டறை. (ஆமாம், நான்தான் கொண்டுவந்து வைத்தேன்.) பாதி ஏற்றிய ஷட்டருக்கு அடியில் பொறி பறக்கிறது. அவன் தெருவைக் கடந்து, குனிந்து பார்க்கிறான். முதலாளி முகமூடியைத் தூக்கி, என்ன என்று தலையசைக்கிறார்.

ஒரு முடிவு: ஏதோ ஒரு முகவரிக்கு வழி விசாரித்துவிட்டுத் திரும்பிவிடுகிறான்.

இன்னொன்று: கேட்கிறான். ஆள் வேண்டாம் என்கிறார். ஆனாலும் அந்த நொடியில் ஒரு கண்டத்தின் உழைப்பாளர் தொகை ஒன்று கூடுகிறது, எந்தச் சுவரிலும் தெரியாமல்.

மூன்றாவதில் அவனுக்கு வேலை

"அண்ணே," என்றான். "அண்ணே, இங்க..."

ஏணியில் அவள், விரல்நுனியில் ஒட்டாத ஒரு புள்ளியோடு, வாசலைப் பார்க்கிறாள்.

இதற்குமேல் நான் சொல் எடுத்துக் கொடுத்தால், கேட்டது நானாகிவிடும். அவன் கணக்கில் வரமாட்டான்.

நீங்களும் எடுத்துக் கொடுக்காதீர்கள். அவன் வாய் திறந்துதான் இருக்கிறது.