எத்தனை ஆங்ஸ்ட்ராம்

கெங்கம்மாள் ‘இருபது’ என்று எழுதியதை அடித்தாள். இது நான்காவது தாள்.

“இருபது இல்ல. அதுக்கும் கீழ,” என்றார் ஆதிநாராயணன், கட்டிலில் மூச்சு வாங்கியபடி.

“கீழன்னா எவ்ளோ நைனா? பதினோரு மணி பஸ்சுல தபால் போவணும்.”

காவலூர் வானாய்வகத்தில் தொலைநோக்கிக் கண்ணாடிகளுக்கு அலுமினியப் பூச்சு போடுபவர் அவர். மயிரிழையை எழுநூறு கூறாக்கினால் ஒரு கூறு, அவ்வளவுதான் பூச்சு; ஆங்ஸ்ட்ராம் என்ற நுண்ணளவில் ஆயிரம். அதையே பார்த்துப் பார்த்து அவருக்கு ஒரு நினைப்பு விழுந்துவிட்டது. இரண்டு உலோகங்களை அதைவிட மெல்லியதாக மாற்றி மாற்றி அடுக்கினால், நாம் கேட்கிற குணத்தோடு புது உலோகம் பிறக்கும். துணியாக மடங்கு என்றால் மடங்கும்; எஃகை மிஞ்சு என்றால் மிஞ்சும். உலகத்தில் யாரும் செய்யாத உலோகம்.

ஒன்பது வருஷம் கடிதம் எழுதினார். எண்பத்துநாலு மார்ச்சில்தான் சென்னைப் பேராசிரியர் ஒருவர் பதில் போட்டார். ‘ஒவ்வோர் அடுக்கும் எத்தனை ஆங்ஸ்ட்ராம் கனம்? சனிக்கிழமைக்குள் தெரிவித்தால் ஆய்வுக் குழுவில் வைக்கிறேன்.’

மறுநாளே மாரடைப்பு. கை நடுங்கியதால் மகள் எழுதினாள். அவருடைய நோட்டில் ஏழு விடைகள் இருந்தன. எது சரியென்று அவருக்கு மட்டும்தான் தெரியும். இன்றைய பஸ்ஸை விட்டால் கடிதம் சனிக்கிழமைக்குள் சென்னை சேராது.

மங்கம்மாள் கஞ்சியோடு வந்தாள். “அந்தக் காயிதத்தத் தூக்கிப் போடுடி. மனுசன் ஒரு வாய் குடிக்கட்டும்.”

அவர் மனைவியின் கையை விலக்கினார்; அவள் டம்ளரோடு உள்ளே போனாள். “எழுதும்மா. ஒவ்வொரு அடுக்கும்...”

கெங்கம்மாள் பேனாவைத் தாளில் வைத்துக் காத்திருந்தாள். வெகுநேரம் கழித்துத்தான் நிமிர்ந்து பார்த்தாள்.

பஸ் வந்தபோது வீடு நிறைய ஆட்கள். ஹார்ன் இரண்டு தடவை அடித்தது. தாளோடு எழுந்தவளை அத்தை வெள்ளையம்மாள் இழுத்து உட்கார வைத்தாள்.

“பொணம் கெடக்குது, எங்கடி போற?”

“தபாலு அத்த... ஏழையும் எழுதியாவது...”

ஒப்பாரியில் அது யார் காதிலும் விழவில்லை. பஸ் இறக்கத்தில் உறுமிக்கொண்டு போனது. கெங்கம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“கடைசியா இன்னாடி சொன்னாரு?” என்றாள் மங்கம்மாள். “நான் டம்ளர வைக்கப் போய்ட்டேன். நீதான பக்கத்துல இருந்த.”

“‘ஒவ்வொரு அடுக்கும்’னாரு. அவ்ளோதாம்மா.”

“எனக்கு?”

கெங்கம்மாள் கையிலிருந்த தாளை மடித்தாள்.

மங்கம்மாள் எழுந்து உள்ளே போனாள். எரிந்துகொண்டிருந்த அடுப்பில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினாள். புகை எழும்பி முகத்தை மூடியது. அவள் நகராமல் அங்கேயே நின்றாள்.