மூன்றே வெட்டு

எண்பது சென்டிமீட்டர் ரிப்பனை இருபது இருபதாக நறுக்க எத்தனை முறை வெட்ட வேண்டும்? மூன்றாம் வகுப்பு ஆசிரியை கொடுத்த இந்தக் கணக்குக்கு எல்லோரும் நான்கு என்றே எழுதியிருந்தார்கள். தையல்காரரின் மகள் மட்டும் மூன்று என்று எழுதியிருந்தாள்.

"கணக்கைப் படிச்சியா, இல்ல தூங்கி வழிஞ்சியா?" என்று ஆசிரியை கேட்டதும் வகுப்பே சிரித்தது. சிறுமியை எழுப்பி நிற்க வைத்தாள்.

பிறகு, எல்லோருக்கும் புரியட்டும் என்று அதே நீளத்தில் ஒரு ரிப்பனை எடுத்து அளந்து அளந்து வெட்டினாள். மூன்றாவது வெட்டிலேயே நான்கு துண்டுகளும் மேசையில் கிடந்தன. வெட்டுவதற்கு இனி எதுவும் இல்லை. ஆசிரியையின் முகம் சுண்டிப்போனது.

"டீச்சர், நான் உக்காரலாமா?" என்று சிறுமி மெதுவாகக் கேட்டாள். அந்தக் குரலில் துளிக்கூடக் கோபமில்லை. அதுதான் ஆசிரியையைக் குத்தியது.

"உக்காரும்மா. தப்பு என்னோடதுதான். எல்லாரையும் உன்னைப் பாத்து சிரிக்க வச்சுட்டேனே!"

நான்கு என்ற விடைக்கு 'சரி' போட்டுக் கொடுத்திருந்த முப்பது நோட்டுகளையும் ஆசிரியை திருத்துவதற்காகத் திரும்ப வாங்கினாள். ஆனால் அன்று முழுக்க அந்தச் சிறுமியின் முகத்தை நேராகப் பார்க்க அவளால் முடியவில்லை.