மூன்றாவது குழி

பள்ளிப்பட்டுச் சாலையில் இருந்த அந்த நெசவாளர் தெருவில் முப்பது வீடுகள், ஒரே ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. தெருவுக்கு நூலைச் சாயத்தில் நனைத்துக் கொடுப்பவர் வேதாசலம். அவருடைய சாயப்பட்டறைத் தண்ணீர் சிவப்பும் நீலமுமாக வாசல்தோறும் ஓடியது. எழுபத்திரண்டாம் வருஷம், யாரும் கேட்காமலே, அவர் கிணற்றோரப் புறம்போக்கில் மூன்று குழிகள் வெட்டினார். முதல் குழியில் மண்டி அடங்கும். இரண்டாவதில் சுண்ணாம்பும் அடுப்புக் கரியும். மூன்றாவதில் ஆற்று மணல்.

மூன்றாவது குழித் தண்ணீரில் வெள்ளை நூல் சிட்டம் ஒன்றை ஒரு பகல் முழுக்க ஊறவைத்து எடுத்தார். நூல் வெள்ளையாகவே இருந்தது. தெருவே வந்து பார்த்தது. சாயக்காரன் கண்ணுக்கு நிறம் போனால் அழுக்கெல்லாம் போன மாதிரிதான்.

"சாயத்தையே வாங்குற குழி சாக்கடையை வாங்காதா?" என்று வீட்டுச் சாக்கடைகளையும் அதிலேயே திருப்பிவிட்டார்.

"ஊரு அழுக்கெல்லாம் நம்ம வூட்டு கணக்குல சேத்துக்கினீங்களா?" என்று அவர் மனைவி சுலோச்சனா சிரித்தாள்.

மறு வருஷம் ஐப்பசி மழைக்குப் பிறகு தெருவில் விஷ ஜுரம் கண்டது. அதில் படுத்த பத்தொன்பதாம் நாள் சுலோச்சனா போனாள். ஐந்து நாள் கழித்து அவள் தங்கை ஜெயம்மாளின் மகன். இன்னும் ஆறு பேர் பாயில் கிடந்தார்கள்.

திருத்தணியிலிருந்து வந்த சுகாதார ஆய்வாளர் குழியையும் கிணற்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவ்ளோ கிட்டயா வெட்டுவே?"

"தண்ணி சுத்தங்க. நூலை நனைச்சுப் பாத்துட்டேன்."

"ஜுரம் நூல்ல ஒட்டுமாய்யா? ரெண்டு மூட்டை உப்பைக் குழியில கொட்டு. கிணறு கரிக்குதான்னு பாரு. கரிச்சா யாரையும் குடிக்க விடாதே."

அந்த மனிதரைப் பொய்யாக்கவே வேதாசலம் உப்பைக் கொட்டினார். சுலோச்சனா தன் கையால் சாகவில்லை என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. நான்காம் நாள் சாயங்காலம் ஒரு வாளி இறைத்து, ஒரு வாய் குடித்தார். கரித்தது.

ராட்டினக் கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றார். குழிகளை மெல்லத் தூர்த்துவிட்டு, பட்டறையை வேறு இடத்துக்கு மாற்றுவதாகச் சொன்னால் போதும், யாருக்கும் தெரியாது என்று தோன்றியது. பெண்கள் குடத்தோடு வந்தார்கள். அவர் வழிவிட்டு நகர்ந்தார்.

மறுநாள் காலையில் குழிகளைத் தூர்க்க மண்வெட்டியோடு போனபோது ஜெயம்மாள் கிணற்றடியில் நின்றிருந்தாள்.

"தண்ணி கரிக்குது பாவா. உங்களுக்கும் அப்படித்தான் இருக்குதா?"

பொய் நாக்கு நுனி வரை வந்தது. அவள் இடுப்பில் நிரம்பிய குடம்.

"அதைக் குடிக்காத ஜெயா. நான் குழியில போட்ட உப்பு அது. சாக்கடையும் அந்த வழியாதான் வந்துகினு இருந்திருக்குது. உங்கக்காவும் உன் புள்ளையும் என்னாலதான்."

அவள் குடத்தை மெதுவாகக் கீழே இறக்கினாள்.

"வெட்டும்போது தெரியுமா?"

"தெரியாது."

"எப்பத் தெரியும்?"

"நேத்து சாயங்காலம்."

"நேத்து சாயங்காலம் நான் உங்க எதிர்க்கத்தானே மொண்டுகினு போனேன்."

"ஆங்."

"பொண்ணுக்கு ரெண்டு டம்ளர் குடுத்தேன்."

அவள் அழவில்லை. குடத்தைச் சாய்த்துக் கொட்டிவிட்டு, அவர் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிக் கீழே வைத்தாள்.

"அது அப்புறம். முதல்ல வாங்க. நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க."

வீடு வீடாக அவர் சொன்னார். ஒவ்வொரு வாசலிலும் அவர் முடிக்கும்வரை அவள் பின்னால் நின்றாள். ஒருவர் கதவைச் சாத்தினார். ஒருவர், "வேணும்னே செஞ்சீங்களா, வுடுங்க" என்றார். அதைக் கேட்பதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

கடைசி வீடு ஜெயம்மாளுடையது. உள்ளே அவள் மகள் தலை பின்னிக்கொண்டிருந்தாள். எட்டு வயது.

"வாங்க பெரியப்பா," என்றாள்.

வேதாசலம் திரும்பி ஜெயம்மாளைப் பார்த்தார். அவள் வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள், நகரவில்லை. அவர் அந்தக் குழந்தைக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.